பேர் வைக்கத் தெரியாத குருடன்

மாவு மில்லின் மாடிப்படி நேற்றுவரைக்கும் முழுசாக இருந்தது. இன்று காலை விழுந்த குண்டு அதைப் பாதியில் தின்றுவிட்டதால், இனிமேல் மொட்டைமாடிக்குப் போகிறவர்கள் கயிற்றைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். படியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவர்களும் படியோடு போனார்கள். ஒருவனுடைய கை மட்டும் சல்லடை இயந்திரத்துக்குப் பின்னால் கிடந்தது. மேலே மாவு கொட்டியிருந்ததால் அது கை என்று தெரிவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. தெரிந்த பிறகு அதை எடுக்க ஒருவனும் முன்வரவில்லை.

“எல்லாம் அந்த ஜோசியக்காரன் வேலை. அவன் மட்டும் கையில கிடைச்சான்னா நாக்கை இழுத்து வெச்சு அறுப்பேன்” என்று சொல்லி உலக்கை தரையில் துப்பினான்.

ஜோசியக்காரன் என்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு மாடியில் ஒளிந்துகொண்டு, எதிரிகளின் குண்டு எங்கே விழவேண்டும் என்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொடுக்கிற ஆளுக்கு இவர்கள் வைத்த பேர். அவன் வாயைத் திறந்தால் பலித்துவிடும். உலக்கை என்பதும் பெற்றவர்கள் வைத்த பேரில்லை. மில் முற்றத்தில் நிறுத்தியிருந்த மோர்ட்டார் பீரங்கியை உரல் என்று அழைத்தார்கள்; அதில் குண்டைப் போடுகிறவன் தன்னால் உலக்கையாகிவிட்டான். சண்டை வந்தால் முதலில் தொலைந்துபோவது ஆட்களின் சொந்தப் பேர்தான். உடம்பு அப்புறம்தான் தொலையும்.

அவளை டீச்சர் என்றார்கள். கல்லூரியில் ரேடியோ அலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கே வந்து, “சாமானையெல்லாம் வண்டியில ஏத்துங்க டீச்சர், நீங்களும் ஏறுங்க” என்று அழைத்துவந்தார்கள். அழைத்துவந்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாசலில் மறித்த காவலாளியை அவள் கண்ணெதிரே நெற்றியில் சுட்டுவிட்டு, அவனைத் தாண்டி அவளை நடக்க வைத்தார்கள். அவனுடைய டிபன் டப்பா உருண்டுபோய் அவள் காலில் இடித்தது. இன்றைக்கும் படுத்தால் அந்தத் தகரச் சத்தம் கேட்கும்.

சுட்டவன் இவர்களுடைய தலைவன். சண்டைக்கு முன்னால் பல் டாக்டர். குரலை உயர்த்த மாட்டான். கை கழுவாமல் எதையும் தொட மாட்டான். யாரையாவது அடிக்கவோ சுடவோ போகும்முன் “கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுத்தான் செய்வான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, இவன் மற்றவர்களைச் சுடுகாட்டுக்கு அனுப்பும்போதும் பழைய பழக்கத்தை விடவில்லை.

அவளை அவர்கள் தூக்கி வந்தது குருடனுக்காக.

குருடன் என்பது மில்லின் மொட்டைமாடியில் வரிசையாக நட்டிருந்த ஆன்டெனாக் கம்பிகளும், அதற்கு நேர்கீழே மாடி அறையில் அவற்றோடு கேபிளால் கட்டிப்போட்டிருந்த கம்ப்யூட்டரும் சேர்ந்தது. சாதாரணமாக இப்படிப்பட்ட வரிசைக்கு எந்தத் திசையில் காதைத் திருப்பவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லித்தர வேண்டும். இல்லாவிட்டால் தெரிந்த அலை ஒன்றைக் கேட்க வைத்துப் பழக்கவேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். ஆளும் தெரியாது, திசையும் தெரியாது. அதனால்தான் அந்தப் பேர். அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு சங்கதி. வாக்கிடாக்கியிலிருந்து கிளம்புகிற அலை ஏறாமல் இறங்காமல் ஒரே பலத்தில் வரும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசி, இரண்டு அலையும் ஒன்றாகக் கலந்தால்தான் பலம் கூடிக் குறைந்து தள்ளாடும். குருடன் ஒவ்வொரு கம்பி கேட்டதையும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, முன்னே பின்னே நகர்த்தி, அந்தத் தள்ளாட்டம் நிற்கிறவரைக்கும் தடவிக்கொண்டே இருப்பான். நின்றதும் ஒரு குரல் தனியாக வந்து விழும். அதை ஓரமாக வைத்துவிட்டு மிச்சத்தைத் தடவினால் இன்னொரு குரல். அதோடு ஒவ்வொரு குரலும் வந்த திசைக்கு ஒரு கோடு. கொஞ்சம் தள்ளியிருந்த தண்ணீர்த் தொட்டியின் மேல் இன்னொரு வரிசைக் கம்பிகள் இருந்தன. அங்கிருந்து ஒரு கோடு. இரண்டு கோடும் வரைபடத்தில் வெட்டிக்கொள்கிற இடத்தில் பேசுகிறவன் இருப்பான்.

முதலில் இதைக் கேட்ட உலக்கை, “குருட்டுப் பூனை விட்டத்துல பாயற கதைதான்” என்று சிரித்தான். பாய்ந்து காட்டியபிறகு சிரிப்பை நிறுத்தினான்.

குருடன் இல்லாமல் ஜோசியக்காரனைப் பிடிக்க முடியாது. ஏனென்றால் அவன் தனியாகப் பேசுவதே இல்லை. அந்தக் கரையில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற ஒருவன் அதே அலைவரிசையில் பேசுவான். அவன் பேசும்போது மட்டும் இவனும் பேசுவான். இரண்டு பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டால் சாதாரணத் திசைகாட்டி எதுவும் பைத்தியம் பிடித்துச் சுற்றும். கெட்டிக்காரன்தான், சந்தேகமில்லை.

இனி அவள் யாரிடமும் சொல்லாத விஷயம். அந்த ஆம்புலன்ஸ் டிரைவர் அவளுடைய தம்பி.

அப்பா அம்மா போனபிறகு அவள் தூக்கி வளர்த்தவன். சின்ன வயதில் இருட்டென்றால் நடுங்குவான். கொல்லைப்புறத்துக் கக்கூசுக்குப் போனால் அவள் வெளியே நிற்க வேண்டும். உள்ளேயிருந்து, “அக்கா, அங்கேயே இரு, சரீயா?” என்பான். நடுவில் ஒரு இழுப்பு இழுத்து மேலே தூக்குவான். “சரிடா” என்று அவள் சொல்லவேண்டும். சொல்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டே இருப்பான். வளர்ந்து, மீசை முளைத்து, ஆம்புலன்ஸ் டிரைவரானபிறகும் எதைச் சொன்னாலும் கடைசியில் அந்தச் சரீயா ஒட்டிக்கொண்டு வரும். பாலத்தை உடைத்த அன்று அவன் வண்டி அந்தக் கரையில் மாட்டிக்கொண்டது. அதற்குப்பிறகு செத்தானா பிழைத்தானா என்று தெரியாமல் இருந்தவளுக்கு, மில்லில் ஹெட்போனை மாட்டிய முதல்நாளே இரைச்சலுக்கு நடுவில் அந்தச் “சரீயா?” கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தோஷத்தை வெளியே காட்டினால் அதையும் ஒரு ஆயுதமாக்கிவிடுகிற இடம் அது.

அன்றிலிருந்து அந்த ஆம்புலன்ஸ்காரன் பேச்சுதான் அவளுக்குச் சோறு தண்ணீர். “போர்வை இருந்தா குடுங்கப்பா, குளிருது இவருக்கு” என்பான். “பயப்படாதீங்கம்மா, என் வண்டியில ஏறினவங்க யாரும் செத்ததில்ல, எனக்கு அந்தப் பேரைக் கெடுத்துடாதீங்க” என்று அடிபட்டவர்களைச் சிரிக்க வைப்பான். வாக்கிடாக்கியில் வந்தால் எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற ஒரே குரல்தான். ஆனாலும் என் தம்பிக்கு இவ்வளவு நல்ல மனசா என்று அவளுக்கு நெஞ்சு பூரிக்கும். எப்போதும் கொஞ்சம் சுயநலக்காரனாக இருந்தவன், சண்டை அவனை மனுஷனாக்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

குருடனிடம் ஒரு குறை. மொட்டைமாடியின் கடைசிக் கம்பியில் இணைப்பு ஆடிக்கொண்டிருந்தது. காற்று அடித்தால் போதும், தடவி முடித்ததையெல்லாம் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து தடவுவான். அதனால் ஹெட்போனில் ஒரு காதில் வருகிறவன் பேச்சுக்கு நடுவில் மற்றவன் பேச்சும் தலையை நீட்டும். திரையில் ஒருவனுக்குச் சிவப்பு, மற்றவனுக்கு நீலம் என்று விழுகிற கோடுகள் ஆடும். அவள் நிறத்தைச் சொல்வாள், உலக்கை அடிப்பான், குண்டு போய்க் காலிக் கட்டடத்தில் விழும். ஜோசியக்காரன் சாகவில்லையே என்று அவர்கள் பல்லைக் கடிப்பார்கள். தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளுக்கு உள்ளுக்குள் நிம்மதி.

இன்று படி விழுந்தபிறகு உலக்கை அறைக்குள் வந்து, திரையின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டினான். சிவப்பு ஜோசியக்காரன், நீலம் ஆம்புலன்ஸ் என்று அதில் எழுதியிருந்தது.

அவள் எழுந்து அதைக் கிழித்து எறிந்தாள். “எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

“ஏன், நேத்து சிவப்பு அவன்தானே?”

“நேத்து. ஒவ்வொரு தடவை நிறுத்தி ஓட்டும்போதும் மாறலாம். நேத்து முதல்ல கிடைச்சவன் இன்னிக்கு ரெண்டாவதா கிடைப்பான். குருடன் பிரிச்சுத்தான் கொடுப்பான், பேர் வைக்கத் தெரியாது. எந்த நிறம் யாருன்னு நான் காதால கேட்டுத்தான் சொல்லணும். ஒட்டி வெச்சா ஒருநாள் ஆம்புலன்ஸைக் கொன்னுடுவ.”

“நல்லா இருக்கே! பெத்துப் போடறது அவராம், பேர் வைக்க நாம ஆள் தேடணுமாம்!”

பல் டாக்டர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டில் தண்ணீரில் கையைக் கழுவி, கைக்குட்டையில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். துடைத்து முடித்துவிட்டு அவள் கன்னத்தில் அறைந்தான். சொல்லாமல் அறைந்தது அதுதான் முதல்தடவை. அவள் மேசையில் போய் விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது.

“காலையில படியில செத்தது என் மச்சான்” என்றான். “இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஜோசியக்காரன் செத்தாகணும் டீச்சர். நீங்க நிறத்தைச் சொல்லுங்க. சொல்ல முடியலன்னா சிவப்பு நீலம் ரெண்டு மேலயும் போட்டுடுவேன். எனக்கு ஆம்புலன்ஸ் மாமனா மச்சானா?”

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜோசியக்காரனைத் துல்லியமாகக் காட்டிக்கொடுத்தால்தான் தம்பியைக் காப்பாற்ற முடியும் என்று அவளுக்கு உறைத்தது. கோடு ஆடுவதில் இத்தனை நாள் கண்ட நிம்மதி இன்று உதவாது. “கடைசிக் கம்பியைச் சரிபண்ணணும். லைன்மேனை அனுப்புங்க” என்றாள்.

லைன்மேன் தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறிக் காலம் தள்ளியவர். அவரையும் துப்பாக்கியைக் காட்டித்தான் கொண்டுவந்திருந்தார்கள். மில்லில் அவளிடம் மனுஷன் மாதிரி பேசுகிற ஒரே ஆள். வந்த புதிதில், “ஏன் டீச்சர், இந்தக் குருடன் என் பொண்டாட்டி குரலை மட்டும் தனியாப் பிரிச்சு ஓரமா வெப்பானா?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். “போன மாசமா இருந்தா அதுக்குத்தான் கேட்டிருப்பேன். இப்ப அந்தக் குரலை எங்கேருந்தாவது தேடிக் குடுத்தாத் தேவலை” என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் வீடு இருந்த தெருவே இப்போது இல்லை.

பைக்குள்ளிருந்து ஸ்பேனரை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கட்டிங் பிளேயரும் மற்ற சாமானும் இருந்த பையை அவள் மேசைக்கடியில் வைத்தார். “பாத்துக்குங்க டீச்சர், இவனுங்க கையை நம்ப முடியாது” என்றார். கயிற்றைப் பிடித்து ஏறினார். மாவு மூட்டைகளுக்கு மேலே வெயில் விழுந்த ஓட்டையில் அவர் கால் மறைவதை அவள் பார்த்தாள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு குருடனை ஓடவிட்டாள். ஜன்னல் வழியாக, “தெரியுதா அண்ணே?” என்று கத்தினாள்.

“தெரியுது, தெரியுது. துருப்பிடிச்சுக் கிடக்கு. இறுக்கறேன்” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

இரண்டு காதிலும் ஒரே கலவரம். ஆம்புலன்ஸ்காரன் பேச ஆரம்பித்துவிட்டான், கூடவே ஜோசியக்காரனும். திரையில் சிவப்பும் நீலமும் கள் குடித்தவன்போல ஆடின. மேலே ஸ்பேனர் ஒருமுறை கிறீச்சிட்டது. ஆட்டம் நின்றது.

நின்றது என்றால் அப்படியே நின்றது. குருடன் ஒரு நொடி தடவினான், இரண்டு குரலும் கத்தரித்த மாதிரி பிரிந்தன. சிவப்புக் கோட்டுக்குரிய இடது காதில் ஆம்புலன்ஸ்காரன் மட்டும். நீலத்துக்குரிய வலது காதில் ஜோசியக்காரன் மட்டும். இத்தனை நாளில் முதல்முறையாக ஒருவன் பேச்சில் மற்றவன் எச்சில் படவில்லை.

இடது காதில்: “கால்ல அடிபட்ட ஆள் ஒருத்தர் இருக்கார், கிட்டத்துல யாராவது டாக்டர் இருக்கீங்களா? அழாதீங்க பெரியவரே, வண்டி ஜெட் மாதிரி போகும்.”

வலது காதில்: “மில்லு மொட்டைமாடியில ஒருத்தன் குனிஞ்சு ஏதோ பண்றான். முன்னே போட்டதுக்குக் கொஞ்சம் இடது. குழாயை ஒரு சுற்று கீழ இறக்கு. சரீயா?”

அவள் இடது காதை ஒருதடவை தட்டிப் பார்த்தாள். ஹெட்போனை இடம் மாற்றி மாட்டியிருக்கிறோமோ என்று ஒயரைத் தடவிப் பார்த்தாள். சரியாகத்தான் மாட்டியிருந்தாள்.

“இப்ப போடு. சரீயா?”

லைன்மேனைக் கூப்பிட்டு இறங்கச் சொல்லியிருக்கலாம். குண்டு ஆற்றைத் தாண்டி வர நேரம் இருந்தது. “அண்ணே” என்று ஒரு வார்த்தை போதும். அவள் வாய் திறந்துதான் இருந்தது, சத்தம்தான் வரவில்லை. தம்பி பேசுகிறான் என்பதைத் தவிர அந்த நேரத்தில் அவள் மண்டையில் வேறெதுவும் நுழையவில்லை.

மேலே வானம் உடைந்தது. கூரையிலிருந்து சிமென்டும் செங்கல்லும் கொட்டின. மாவு வெண்புகையாக எழும்பி அறையை மூடியது. அது அடங்கியபோது ஜன்னலுக்கு வெளியே கயிறு இடுப்பில் சிக்கி லைன்மேன் தலைகீழாகத் தொங்கினார். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. இன்னும் உயிர் இருந்தது. அவளைப் பார்த்து, “இறுக்கிட்டேன் டீச்சர்” என்றார். அப்புறம் கயிறு அறுந்து முற்றத்தில் விழுந்தார்.

தொண்டை கிழிய அவள் கத்தினாள். அந்தக் கத்தலில் அவளுக்கு எல்லாமே விளங்கிவிட்டது. அந்தச் சரீயா இத்தனை நாளும் ஒழுகிய குரல். ஒரு காதுக்குரியது மற்றக் காதில் ஒழுகியிருக்கிறது. தம்பி ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன், ஆகவே ஆம்புலன்ஸ்காரன் குரல்தான் தம்பி என்று அவளே முடிவு கட்டிவிட்டாள். பேர் ஒட்டாதே, ஒட்டாதே என்று ஊருக்கு உபதேசம் செய்தவள், மனசுக்குள் முதல்நாளே ஒரு பேரை எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். கல்லூரிப் பிள்ளை செய்திருந்தால் சிவப்பு மையால் அடித்து முட்டை போட்டிருப்பாள்.

இன்னொன்றும் விளங்கியது. ஒருவன் பேச்சுக்கடியில் ஒளிந்து பேசினால் திசைகாட்டி குழம்பும் என்று ஜோசியக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சண்டைக்கு முன்னால் ஒரு ராத்திரிச் சாப்பாட்டு மேசையில், தட்டையும் டம்ளரையும் நகர்த்தி நகர்த்தி, அவளேதான். “சூப்பர் அக்கா” என்று தம்பி கைதட்டினான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான்.

பல் டாக்டர் மாவில் நனைந்த ஆவிபோல அறைக்குள் வந்தான். சட்டையில் லைன்மேனின் ரத்தம். திரையைப் பார்த்தான். சிவப்புக் கோடுகள் ஆற்றோரத் தெரு ஒன்றில் வெட்டிக்கொண்டன. நீலக் கோடுகள் அதற்கு வடக்கே ஓர் உயரமான கட்டடத்தில். இரண்டும் அசையாமல் நின்றன. பேச்சு இரண்டும் ஓய்ந்திருந்தது.

“அடேங்கப்பா, ஊசி முனை மாதிரி நிக்குதே” என்றான். “எது டீச்சர்?”

அவள் முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டாள்.

“நீங்க அவன் குரலைக் கேட்டீங்க. எனக்குத் தெரியும், மூஞ்சியே சொல்லுது. இப்ப அவன் மறுபடி பேசற வரைக்கும் காத்திருந்தா அடுத்தது இந்த அறையிலதான் விழும்.” ஜன்னலுக்குப் போய்க் கீழே குனிந்தான். “உலக்கை! எத்தனை குண்டு இருக்கு?”

“இங்க ரெண்டுதான் டாக்டர்! மிச்சம் பாதாள அறையில!”

“போதும். ஒண்ணு சிவப்புக்கு, ஒண்ணு நீலத்துக்கு. கட்டடத்து நம்பர் சொல்றேன், கேட்டுக்க.”

உரலுக்குள் தலையைக் கொடுத்தாகிவிட்டது. சும்மா இருந்தால் இரண்டு பேரும் சாவார்கள். சிவப்பு என்றால் தம்பி பிழைப்பான். போர்வை கேட்டு அலைகிறவனும் காலில் அடிபட்ட பெரியவரும் தெருவில் சிதறுவார்கள். அவனை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் அவன் இருமினால் கவலைப்பட்டிருக்கிறாள். அவன் ஜோக்குக்குச் சிரித்திருக்கிறாள். தம்பி மேல் வைத்திருந்த அன்பு முழுவதையும் இத்தனை நாளாக அவன் கணக்கில் போட்டுவிட்டாள். போட்டதைத் திருப்பி எடுக்க வரவில்லை. எடுக்கப்போனால், இறுக்கிட்டேன் டீச்சர் என்று தலைகீழாகத் தொங்கினவர் நடுவில் வந்து நின்றார்.

அவளுக்குக் கோபம் வந்தது. துக்கம்கூட அப்புறம்தான். அவள் இடுப்பில் வைத்துச் சோறு ஊட்டி வளர்த்தவன், இருட்டுக்குப் பயந்தவன், குனிந்து ஸ்பேனர் பிடித்திருந்த ஒரு கிழவனைப் பார்த்துக் கொஞ்சம் இடது என்று சொல்கிறானே! காதைத் திருகி இழுத்துவந்து முற்றத்தில் கிடப்பதைக் காட்டவேண்டும்போல இருந்தது. ஆறு நடுவில் இருந்தது.

“நீலம்” என்றாள்.

“நிச்சயமா?”

“நீலம். சிவப்பு ஆம்புலன்ஸ். தொடாதீங்க.”

பல் டாக்டர் கட்டடத்தைச் சொன்னான். கீழே உரல் இடித்தது. மில்லே குலுங்கியது. ஹெட்போனைக் கழற்றி எறிந்திருக்கலாம். அவள் கழற்றவில்லை. சொன்ன வாயோடு காதும் இருக்கட்டும் என்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ்காரன் இடது காதில் ஏதோ தெருவின் பேரைக் கேட்டான். உடனே வலது காது உயிர் பெற்றது. “மில்லு ஜன்னல்ல ஆள் தெரியுது. அதே அளவு, ஒரு சுற்று கீழ. சரீ—”

வலது காதில் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. இரண்டாவது குண்டையும் உலக்கை அங்கேயே அனுப்பினான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உயரமான கட்டடத்தின் தலை கழன்று தெருவில் விழுவது ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. முற்றத்தில் எல்லோரும் விசிலடித்தார்கள். செத்துக்கிடந்த லைன்மேனைத் தாண்டித் தாண்டி ஆடினார்கள்.

குருடன் மட்டும் வேலையை நிறுத்தவில்லை. இரண்டு குரலைத் தேடிப் பழகியவனுக்கு இப்போது ஒரு குரல்தான் அகப்பட்டது. இரண்டு கையாலும் அதையே பிடித்துக்கொண்டான். சிவப்புக் கோடும் நீலக் கோடும் நகர்ந்துபோய் ஒன்றன்மேல் ஒன்று படுத்தன. இடது காதிலும் வலது காதிலும் அவளுக்கு ஆம்புலன்ஸ்காரனே பேசினான்.

“ஐயையோ, வடக்குப் பக்கத்துப் பெரிய கட்டடம் விழுந்துடுச்சு. கீழ ஒருத்தன் கிடக்கான், கை அசையுது. நான் போய்ப் பாக்கறேன். ரெண்டு பக்கத்துலயும் சுடாதீங்கப்பா, புண்ணியமாப் போகும்.”

பல் டாக்டர் ஜன்னலில் நின்று சிகரெட் பற்றவைத்தான். குண்டு எடுக்க உலக்கை பாதாள அறைக்குள் ஓடினான்.

“இருக்கான், இருக்கான்! மூச்சு இருக்கு. ஒரு கால் போயிடுச்சு, கட்டியிருக்கேன். வண்டியில ஏத்திட்டேன். எந்த ஆஸ்பத்திரியில ரத்தம் இருக்கு? யாராவது சொல்லுங்க.” இன்ஜின் உறுமியது. யாரும் பதில் சொல்லவில்லை. அவன் பேசிக்கொண்டே போனான். “பேர் கேட்டாச் சொல்ல மாட்டேங்கறான். சரீயா, சரீயான்னு கேட்டுக்கிட்டே இருக்கான். நானும் சரிப்பா சரிப்பாங்கறேன், அடங்க மாட்டேங்கறான்.”

அவள் ஹெட்போனை இன்னும் அழுத்தினாள். ஹெட்போனுக்குள்ளேயே சொல்லிவிடலாம்போல இருந்தது. அது கேட்கத்தான் தெரிந்த சாமான், சொல்லத் தெரியாது.

“என்ன டீச்சர், அழறீங்க?” பல் டாக்டர் பக்கத்தில் வந்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை இழுத்துத் தன் காதில் வைத்தான். கொஞ்ச நேரம் கேட்டான். சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தான்.

“மூச்சு இருக்காமே” என்றான். “அந்த வண்டியிலதான் போறானா? உலக்கை! சீக்கிரம்! வண்டி ஓடுது, நான் இங்கேருந்து இடத்தைச் சொல்லிக்கிட்டே இருப்பேன்!”

திரையில் ஒரே கோடு. தெருத்தெருவாக நகர்ந்துகொண்டிருந்தது. இதற்குப் பேர் வைக்க அவள் தேவையில்லை. டிரைவர் வாயை மூடினால் கோடு நின்றுவிடும். ஆனால் அவன் மூடமாட்டான். ரத்தம் இருக்கிற ஆஸ்பத்திரி கிடைக்கிறவரை கேட்டுக்கொண்டே போவான். முற்றத்தில் உலக்கையின் காலடியும் இரும்புப் பெட்டி இழுபடுகிற சத்தமும் கேட்டன.

அவள் மேசைக்கடியில் குனிந்தாள். லைன்மேனின் பைக்குள் கைவிட்டுக் கட்டிங் பிளேயரை எடுத்தாள். மொட்டைமாடியிலிருந்து இறங்கிய கேபிள் கற்றை அவள் தலைக்குப் பக்கத்தில் சுவரோடு வந்தது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து வந்த கேபிளும், அவர் உயிரைக் கொடுத்து இறுக்கிய கம்பியின் கேபிளும் அதில் இருந்தன. இதை வெட்டினால் தம்பி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தானா என்று எந்தக் காலத்திலும் தெரியப்போவதில்லை. “சரீயான்னு மறுபடி கேக்கறான்பா” என்று காதில் டிரைவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெட்டினாள். ஒன்றொன்றாக, எல்லாவற்றையும் வெட்டினாள். இரண்டு காதும் செத்தன. கோடு திரையிலிருந்து போய்விட்டது.

“எங்க டாக்டர் போடறது?” என்று கீழேயிருந்து உலக்கை கத்தினான். “எங்க போடறது?”

பல் டாக்டர் குனிந்தான். வெட்டுப்பட்ட கேபிள் நுனிகளைத் தொட்டுப் பார்த்தான். அவள் முடியைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தான். விரல்களைப் பிரித்துக் கட்டிங் பிளேயரைப் பிடுங்கினான். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரில் முதலில் கையை, அப்புறம் பிளேயரைக் கழுவினான். இடது கையால் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினான்.

“வாயைத் திறங்க டீச்சர்” என்றான், பழைய குரலில். “கொஞ்சம் வலிக்கும். சரியா?”

அவள் அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலைத் தாண்டி, ஆற்றைத் தாண்டி, புகைக்குள் எங்கேயோ ஓடுகிற ஒரு வண்டியைப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்பதுபோல உரக்கச் சொன்னாள்.

“சரிடா.”

இத்தனை வருஷத்தில் அவனை யாரும் டா போட்டதில்லை. அது தனக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டு, பல் டாக்டர் பிளேயரை உள்ளே நுழைத்து இறுக்கினான்.